மண்ணில் எழுதிய பாடம்: கோரமண்டலிலிருந்து ஒரு பார்வை

பள்ளிக்கூடம் என்றால் நாலு சுவர், கரும்பலகை, வரிசையாக பெஞ்சு, மணிக்கு மணி அடிக்கும் பியூன் என்று நாம் நினைக்கப் பழகி இருநூறு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. அதற்கு முன்னால் பல நூற்றாண்டுகள் நம் தேசத்துக் குழந்தைகள் திண்ணையிலும், மரத்தடியிலும், ஆற்றங்கரையிலும், வயல் வரப்பிலும்தான் படித்தார்கள். இப்போது வெளிநாட்டுப் பள்ளிகளைப் பார்த்து "அவுட்டோர் லேர்னிங்" என்று புதிதாகப் பேசுகிறோம். கட்டணம் வாங்கிக்கொண்டு குழந்தைகளை "நேச்சர் கேம்ப்" அழைத்துப் போகும் பள்ளிகளும் பெருகிவிட்டன. இது புதுச் சரக்கு அல்ல, நம் பழைய சொத்துதான் என்பதை வாசகர்களுக்கு நினைவூட்டவே இந்தக் கட்டுரை.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில், கோரமண்டல் பகுதியில். பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் கிளைப்பாதையில் அந்தப் பெயரில் ஒரு சின்ன ரயில் நிலையம் இருக்கிறது. சோழமண்டலம் என்ற சொல்தான் வெள்ளைக்காரர் வாயில் கோரமண்டல் ஆனது என்பார்கள். கடலே இல்லாத ஊருக்குக் கடற்கரையின் பெயர்! அப்பா சுரங்க அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். நான் பிற்பாடு பெங்களூரில் பூகோள ஆசிரியராக முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றேன். ஆகையால் இந்த விஷயத்தில் எனக்கு இரண்டு பக்கத்து அனுபவமும் உண்டு.

மாடு மேய்த்துக் கற்ற பிரம்ம வித்யை

சாந்தோக்ய உபநிஷத்தில் வரும் ஸத்யகாம ஜாபாலனின் கதை நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்ததுதான். தன் கோத்திரம் இன்னதென்று தெரியாது என்று உண்மையைச் சொன்ன பையனை கௌதமர் சிஷ்யனாக ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டவர் அவனை உட்கார வைத்துப் பாடம் ஆரம்பிக்கவில்லை. நானூறு இளைத்த பசுக்களைக் கையில் கொடுத்து, "மேய்த்து வா" என்று அனுப்பிவிட்டார். ஆயிரம் ஆகும்வரை திரும்புவதில்லை என்று அவனும் கிளம்பினான். காட்டில் அவனுக்கு உபதேசம் செய்தவர்கள் ஒரு காளை, அக்னி, ஓர் அன்னம், ஒரு நீர்ப்பறவை. ஆசிரமத்துக்குத் திரும்பியபோது அவன் முகத்தைப் பார்த்தே குருவுக்குப் புரிந்துவிட்டது. இருந்தும் ஸத்யகாமன், "நீங்கள் சொல்லித்தர வேண்டும்" என்று கேட்டு, குருவின் வாயாலும் பாடம் பெற்றான்.

இதன் தத்துவத்தைப் பெரியோர்கள் விளக்கட்டும். ஆசிரியர் என்ற முறையில் எனக்குப் படுவது இதுதான்: வெளியில் கற்பதும் குருவிடம் கற்பதும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல. முதலில் கண்ணால் பார்ப்பது, பிறகு குருவிடம் வந்து தெளிவது. பாகவதத்தில் அவதூதர் தமக்கு இருபத்துநான்கு குருமார்கள் என்று பூமி, காற்று, ஆகாயம், தேனீ, சிலந்தி என வரிசைப்படுத்துவதும் இதே மரபுதான்.

எழும்பூரில் பார்த்த மணல் எழுத்து

உபநிஷத் காலத்தை விட்டு நம் பாட்டன், பூட்டன் காலத்துக்கு வருவோம். திண்ணைப் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்று மகாமகோபாத்தியாய உ.வே.சாமிநாத ஐயர் "என் சரித்திரம்" நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவார்கள். கை தேர்ந்த பிறகே ஓலையும் எழுத்தாணியும். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பான். அவன்தான் சட்டாம்பிள்ளை.

கணக்கு எண்சுவடியில் வாய்ப்பாடாக வரும். அதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். மா என்றால் இருபதில் ஒரு பங்கு, காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு, முந்திரி முந்நூற்று இருபதில் ஒரு பங்கு. மா, காணி இரண்டும் நில அளவைகளும்கூட. பின்னம் படித்த பையன் கூடவே வயலையும் படித்தான். கீழ்க்கணக்கு, மேல்கணக்கு என்று குழம்பும் இன்றைய குழந்தைக்குப் பின்னம் காகிதத்தில் கிடக்கிறது. அந்தப் பையனுக்கு அது வரப்புக்கு அந்தப் பக்கம் விரிந்து கிடந்தது.

1789-ல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண் குழந்தைகளுக்கான விடுதிப் பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் பொறுப்பேற்றார். ஒரு நாள் உள்ளூர்ப் பள்ளி ஒன்றைக் கடந்து போகும்போது பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டார். "மலபார் பள்ளி" என்று அவர் குறிப்பிடுவது நம் தமிழ்ப் பள்ளியைத்தான். அந்தக் காலத்து ஆங்கிலேயர் தமிழர்களை மலபார்கள் என்றுதான் சொல்வார்கள். தம் பள்ளியிலும் அதைச் செய்யும்படி பெல் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். ஜான் ஃபிரிஸ்கின் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, சின்னக் குழந்தைகளுக்கு மணலில் அரிச்சுவடி சொல்லித்தரும் வேலையைக் கொடுத்தார். அது பலித்தது. 1797-ல் லண்டனில் அவர் இதைப் பற்றி வெளியிட்ட சிறு நூலிலிருந்து கிளம்பியதுதான் "மெட்ராஸ் முறை". பிரிட்டனிலும் அதன் காலனிகளிலும் ஆயிரக்கணக்கான பள்ளிகள் அந்த முறையில் நடந்தன. எழும்பூர் மணல் அவ்வளவு தூரம் போயிற்று!

சென்னை கவர்னர் சர் தாமஸ் மன்றோ 1822-ல் கலெக்டர்களிடம் பள்ளிகளைப் பற்றிக் கணக்குக் கேட்டார். 1826-ல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. பின்னாளில் தரம்பால் இந்தக் கலெக்டர் அறிக்கைகளைத் தொகுத்து 1983-ல் நூலாக வெளியிட்டபோது, "நம் நாட்டில் கல்வியே இல்லை" என்ற பழைய வாதம் ஆட்டம் கண்டது. தமிழ் ஜில்லாக்களில் பல சமூகத்துப் பிள்ளைகளும் பெருவாரியாகப் படித்திருக்கிறார்கள் என்பதும் அதிலிருந்து தெரிகிறது.

ஆனால் நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் திண்ணையில் பெண் குழந்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சேரியிலிருந்து வந்த குழந்தைக்கு அங்கே இடமில்லை. மரத்தடி எல்லாருக்கும் பொதுவானதுதான், மரத்தடியில் நடந்த பள்ளிக்கூடம் அப்படியல்ல. பழையதைப் போற்றும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். எங்கள் தங்கவயலில் இதற்கு ஒரு பதில் பிறந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் வலுவான கிளை இருந்தது. அவர் தொடங்கிய "தமிழன்" இதழ் அவர் காலத்துக்குப் பின் 1926 முதல் சில ஆண்டுகள் தங்கவயலிலிருந்தே வந்தது. பகல் முழுக்க பூமிக்கடியில் உழைத்தவர்கள் மாலையில் தமக்கென்று படிப்பை உண்டாக்கிக்கொண்டார்கள்.

தங்கமும் பஞ்சாங்கமும்: ஒரு வாரன் துரை

எங்கள் ஊருக்கும் இந்த விஷயத்துக்கும் எதிர்பாராத ஒரு தொடர்பு உண்டு. 1802-ல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினென்ட் ஜான் வாரன், இந்தப் பக்கத்தில் தங்கம் கிடைக்கிறதாமே என்ற பேச்சைக் கேட்டார். தகவல் சொல்பவர்களுக்கு சன்மானம் என்று அறிவித்தார். கிராமத்து ஜனங்கள் மண்ணை வண்டியில் கொண்டுவந்து அவர் கண்ணெதிரிலேயே அலசி, பொன் துகளைக் காட்டினார்கள். மாரிக்குப்பத்துப் பக்கத்து மண்தான் அது. எந்தக் கல்லூரியும் சொல்லித்தராத மண் அறிவு அந்த ஜனங்களிடம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. பிறகு 1870-களில் மைக்கேல் லவெல் உரிமம் பெற்றதும், 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததும், நூற்றிருபது வருஷத்தில் ஏறக்குறைய 800 டன் தங்கம் வெளியே போனதும் எல்லாரும் அறிந்த சரித்திரம்.

அதே வாரன்தான் பின்பு 1805 முதல் 1811 வரை சென்னை வானியல் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பில் இருந்தார். நம் பஞ்சாங்கக் கணிதத்தில் மனம் பறிகொடுத்து 1825-ல் "கால ஸங்கலித" என்ற பெரிய நூலை வெளியிட்டவரும் அவரே. புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அவர் பதிவு செய்திருக்கிறார். அவர் கையில் காகிதமில்லை, பேனாவுமில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி, சோழிகளை நகர்த்தியே அவர் கணக்கை முடித்தார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் வந்த பிழை வெறும் நாலு நிமிஷம்தான். முடியும் நேரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பிழை. இருபதாம் நூற்றாண்டில் ஓட்டோ நாய்கபௌர் போன்ற கணித வரலாற்று அறிஞர்கள் இந்தக் குறிப்பை எடுத்து வைத்து ஆராய்ந்தார்கள்.

எனக்கு இதில் வியப்பு என்னவென்றால், ஒரே மனிதர் இரண்டு விதமான மண் பாடத்தையும் பார்த்தார் என்பதுதான். ஒருவர் மண்ணை அலசிக் கற்றார், மற்றவர் மண்ணில் சோழி வைத்துக் கற்றார். இருவருக்குமே கட்டடம் தேவைப்படவில்லை.

கதவு எப்படிச் சாத்திக்கொண்டது?

1854-ல் உட் துரையின் கல்வி அறிக்கை வந்தது, 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாகாணத்தில் "ரிசல்ட்ஸ் கிராண்ட்" என்ற முறையும் நடைமுறைக்கு வந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பரீட்சை வைப்பார். எத்தனை பிள்ளைகள் தேறினார்களோ அதற்கேற்றபடி பள்ளிக்குப் பணம். வாத்தியார் சம்பளம் பரீட்சையோடு கட்டப்பட்ட பிறகு, பிள்ளையை ஏரிக்கரைக்கு அழைத்துப் போக யாருக்கு மனசு வரும்? பரீட்சையில் வருவது மட்டுமே பாடம் என்ற நிலை உண்டானது அப்போதுதான். நம் சமூகம் அந்த ஏணியில் வேகமாக ஏறியது என்பது உண்மை. ஏறும்போது கீழே விட்டுவிட்டு வந்தது என்ன என்று திரும்பிப் பார்க்கவும் இப்போது நமக்கு வயசாகிவிட்டது.

மீண்டும் திறந்தவர்கள்

1901 டிசம்பர் 22 அன்று சாந்திநிகேதனில் ரவீந்திரநாத தாகூர் ஐந்தே ஐந்து மாணவர்களுடன் தம் பிரம்மசரிய ஆசிரமத்தைத் தொடங்கினார். அவர்களில் ஒருவர் அவருடைய மகன். பள்ளி வாழ்க்கை சின்ன வயதில் தமக்கே சிறைவாசமாக இருந்தது என்பதால், மரத்தடியில் பாடம் என்ற ஏற்பாட்டை அவர் செய்தார். மழை வந்தால் மட்டும் உள்ளே. ஆளுக்கோர் ஆசனம், அதை அவரவரே எடுத்துப் போக வேண்டும். அந்த சாந்திநிகேதன் 2023-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

ஐரோப்பாவில் இது வேறு வழியாக வந்தது. 1904-ல் பெர்லினை அடுத்த சார்லட்டன்பர்க்கில் நோஞ்சான் குழந்தைகளுக்காக ஒரு பைன் காட்டில் பள்ளி தொடங்கினார்கள். காசநோய் பயம்தான் காரணம். காற்றும் வெயிலும் பட்டு உடம்பு தேறியது மட்டுமல்ல, குறைந்த நேரம் படித்தும் குழந்தைகள் பாடத்தில் பின்தங்கவில்லை என்று கண்டார்கள். 1907-ல் லண்டனும் இதைப் பின்பற்றியது. மருந்தில்லாத அந்தக் காலத்தில் காசநோய்க்குத் திறந்தவெளிக் காற்றே வைத்தியம். எங்கள் ஊருக்கு வடக்கே மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம் சானடோரியம் 1915-ல் திறக்கப்பட்டதும் அந்தக் கருத்தில்தான். சுரங்கத் தூசியால் வரும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் எங்கள் ஊரில் எத்தனை குடும்பங்களைக் குலைத்தது என்று பார்த்தவன் நான். சுத்தமான காற்றின் அருமையைத் தங்கவயல்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சாரணர் இயக்கமும் ஒரு கதவைத் திறந்தது. இந்தியாவின் முதல் சாரணர் படை 1909-ல் பெங்களூரில் கேப்டன் டி.எச். பேக்கரால் தொடங்கப்பட்டது. ஆனால் அதில் இந்தியப் பையன்களுக்கு இடமில்லை. அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு சாரணர் சங்கத்தை ஏற்படுத்தினார். கயிறு முடிச்சு, திசை அறிதல், அடுப்பு மூட்டுதல் என்று வெளியில் கற்கும் பாடங்கள் அப்படித்தான் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வந்தன. சுதந்திரத்துக்குப் பின் 1950 நவம்பர் 7 அன்று எல்லாம் ஒன்றாகி பாரத் சாரணர், சாரணியர் இயக்கம் ஆயிற்று.

1937 அக்டோபரில் வார்தா மாநாட்டில் காந்திஜி ஆதாரக் கல்வியை முன்வைத்தார். கைத்தொழிலைச் சுற்றியே கணக்கும் சரித்திரமும் விஞ்ஞானமும் வர வேண்டும் என்றார். தமிழ்நாட்டில் அந்த வழியில் நின்று பலன் தந்த இடம் காந்திகிராமம். 1947-ல் அதைத் தோற்றுவித்தவர்கள் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் புதல்வி டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும்.

எங்களுக்கு மிக அருகில் இருந்தது ரிஷிவேலி. 1895-ல் மதனப்பள்ளியில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி அந்த ஊரை அடுத்த பள்ளத்தாக்கில் ஒரு பெரிய ஆலமரத்தைச் சுற்றியுள்ள இடத்தைத் தேர்ந்தெடுத்தது 1920-களின் மத்தியில். வறண்ட, ஆடுமாடு மேய்ந்து மொட்டையான பூமி. மரம் நட்டு, மண் அரிப்பைத் தடுத்து, பல ஆண்டுகள் காத்திருந்து அதைப் பசுமையாக்கினார்கள். பறவைகள் திரும்பி வந்தன. 1991-ல் அந்தப் பள்ளத்தாக்கைப் பறவைப் புகலிடமாக அறிவித்தார்கள். அங்குள்ள மாணவனுக்குச் சூழலியல் என்பது மரம் நட்டுக் காத்திருந்து கற்ற பாடம். சுற்றுவட்டார கிராமங்களுக்காக அவர்கள் நடத்தும் சிறு பள்ளிகளின் கற்பிக்கும் முறை பல மாநிலங்களுக்குப் பரவியிருக்கிறது. அதே மதனப்பள்ளியில்தான் 1919 பிப்ரவரியில் தாகூர் தங்கி, நம் தேசிய கீதத்தை ஆங்கிலத்தில் எழுதினார் என்பது ஓர் உபரிச் செய்தி.

கோரமண்டல் என்ற பெரிய வகுப்பறை

எங்கள் பள்ளியில் ஒரு விஞ்ஞான வாத்தியார் இருந்தார். பாடப் புத்தகத்தை மூடிவிட்டு, "வாங்கோடா, வெளியே போவோம்" என்பார். போவது அதிக தூரம் இல்லை. சயனைடு மேட்டைத் தூரத்திலிருந்து பார்க்கும்படி சாலையோரம் நிறுத்துவார். "இது மலையா?" என்று கேட்பார். மலை இல்லை, பாறையை மாவாக அரைத்துத் தங்கத்தை எடுத்த பிறகு கொட்டிய சக்கை என்பது எங்களுக்குத் தெரியும். "சரி, மழை இதில் என்ன வேலை செய்திருக்கிறது பாருங்கள்" என்பார். மேட்டின் சரிவில் நூற்றுக்கணக்கான ஓடைத் தடங்கள். சின்ன ஓடை பெரிய ஓடையில் சேர்ந்து, அடிவாரத்தில் விசிறி மாதிரி மணலைக் கொட்டியிருக்கும். கங்கை தன் டெல்டாவை எப்படி உண்டாக்கியது என்று அன்று புரிந்தது எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. நான் பூகோளம் எடுத்ததற்கு அதுவே காரணம். மேட்டில் ஏற விடமாட்டார். காற்றடித்தால் அந்த வெள்ளைத் தூசி மூச்சில் போகக்கூடாது என்று முகத்தைத் துண்டால் மூடிக்கொள்ளச் சொல்வார். ஜாக்கிரதையும் பாடத்தில் ஒரு பகுதிதான்.

இன்னொரு நாள் கம்பத்தின் நிழல், ஒரு குச்சியின் நிழல் இரண்டையும் அளந்து, கம்பத்தின் உயரத்தை எங்களையே கணக்குப் போட வைத்தார். ஒத்த முக்கோணம் என்ற பாடம் இரண்டு மாதம் கழித்துத்தான் வகுப்பில் வந்தது. வந்தபோது எங்களுக்கு அது பழைய சிநேகிதம்.

இப்போது பூகோள ஆசிரியனாகப் பார்க்கும்போது, அந்த ஊரைச் சுற்றி எவ்வளவு பாடங்கள் கிடக்கின்றன என்று மலைப்பாக இருக்கிறது. சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது பாறை. தங்கவயலை அடுத்த பெத்தபள்ளியில் தலையணைகளை அடுக்கியது போன்ற பாறைகள் உண்டு. எரிமலைக் குழம்பு தண்ணீருக்கடியில் வெளிப்பட்டு, சட்டென்று குளிர்ந்து, உருண்டை உருண்டையாக உறைந்தால்தான் இந்த வடிவம் வரும். கிட்டத்தட்ட 270 கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது என்பதற்கு இதுவே சாட்சி. கடலில்லாத ஊருக்குக் கடற்கரைப் பெயர் என்று ஆரம்பத்தில் சொன்னேன். பெயர் அவ்வளவு பொருத்தமில்லாமலும் போகவில்லை! இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இதைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது.

இரண்டாவது தண்ணீர். நந்தி மலைப் பக்கம் பிறந்து பேத்தமங்கலம் ஏரியை நிரப்பித் தங்கவயலுக்குக் குடிநீர் தந்த பாலாறுதான் ஆந்திரத்தைக் கடந்து வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று ஓடுகிறது. வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் தெரிந்தோ தெரியாமலோ தங்கள் ஆற்றின் மேல்பக்கத்துக்கே வந்து சேர்ந்தன. நதிநீர்ப் பங்கீடு என்ற இன்றைய வழக்கைப் பற்றி ஒரு குழந்தைக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் வேறெது?

மூன்றாவது சரித்திரம். முப்பது கிலோமீட்டர் போனால் கோலாரில் கோலாரம்மா கோயில். ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. இந்தப் பகுதிக்கு அன்று நிகரிலிச் சோழ மண்டலம் என்று பெயர். கன்னட நாட்டில் தமிழ் எழுத்தைக் கல்லில் தடவிப் படிக்கும் குழந்தைக்கு, மொழிச் சண்டையைத் தாண்டி ஒரு பெரிய காலம் இருந்தது என்பது விரல் நுனியில் தெரியும்.

நான்காவது விஞ்ஞானம். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து எங்கள் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. பெங்களூருக்கு வந்ததே 1905-ல்தான். அதைவிடப் பெரிய விஷயம் 1965-ல் நடந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களைக் கண்டறிந்தார்கள். ஏறத்தாழ அதே சமயத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் இது கண்டறியப்பட்டது. எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன் ஆகியோர் எங்கள் ஊர்ச் சுரங்கக் கூண்டில் இறங்கி ஏறியவர்கள். வானத்தைப் படிக்க பூமிக்கடியில் போக வேண்டியிருக்கிறது என்பதைவிட ஒரு குழந்தையை யோசிக்க வைக்கும் பாடம் உண்டா?

பலன் என்ன?

இதெல்லாம் ரசனைக்குச் சரி, மார்க் வருமா என்று கேட்கும் பெற்றோருக்கும் பதில் உண்டு. முதலில் கண். நம் வீடுகளில் மூன்றாம் வகுப்பிலேயே கண்ணாடி போடும் பேரக்குழந்தைகள் எத்தனை பேர்! சீனாவின் குவாங்ஜோ நகரில் 12 பள்ளிகளில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்குத் தினமும் 40 நிமிஷம் கூடுதலாக வெளியில் வகுப்பு. மூன்று வருஷம் கழித்துப் பார்த்தபோது, கூடுதல் வகுப்பு இருந்த பள்ளிகளில் கிட்டப்பார்வை புதிதாக வந்தவர்கள் 30.4 சதவிகிதம், இல்லாத பள்ளிகளில் 39.5 சதவிகிதம். 2015-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது இது. எந்தச் சொட்டு மருந்தும் இல்லை, வெளிச்சம் மட்டும்தான். தைவானும் 2010 முதல் பள்ளிக் குழந்தைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் வெளியே இருக்க வைக்க முயன்று வருகிறது.

அடுத்தது மனம். கவனம் சிதறும் குழந்தைகளைப் பூங்காவில் இருபது நிமிஷம் நடக்க வைத்தபோது, நகரத் தெருவில் நடந்ததைவிட அவர்கள் கவனம் மேம்பட்டது என்று 2009-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு காட்டியது. மூன்றாவது பலனை எந்த ஆய்வும் இல்லாமலே என் அனுபவத்தில் சொல்வேன். வகுப்பில் கடைசி பெஞ்சில் வாய் திறக்காத பையன் ஏரிக்கரையில் வாத்தியாருக்கே மீன் பெயர் சொல்லித் தருவான். அந்த ஒரு நாளுக்குப் பிறகு அவன் வகுப்பிலும் தலை நிமிர்ந்து உட்காருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நம் ஆர்.கே. நாராயண் 1989-ல் ராஜ்யசபாவில் பேசியது குழந்தைகளின் புத்தக மூட்டையைப் பற்றித்தான். கூன் விழுந்து நடக்கும் குழந்தைகளுக்காக மால்குடியின் சிருஷ்டிகர்த்தா குரல் கொடுத்தார். அதன் எதிரொலியாகப் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் குழு அமைந்து, 1993-ல் "சுமையில்லாத கற்றல்" என்ற அறிக்கை வந்தது. வகுப்பறை அறிவை வெளி வாழ்க்கையோடு இணைக்க வேண்டும் என்பதை 2005-ன் தேசியக் கலைத்திட்டம் முதல் கொள்கையாக வைத்தது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8-ஆம் வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் உள்ளூர்த் தச்சர், குயவர், தோட்டக்காரரிடம் குழந்தைகள் கற்க வேண்டும் என்கிறது. நாம் சுற்றிச் சுற்றி எண்சுவடி வாத்தியாரின் திண்ணைக்கே திரும்பியிருக்கிறோம், இந்தத் தடவை எல்லாக் குழந்தைகளுக்கும் இடம் போட்டு.

காலம் அதிகம் இல்லை

2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பிறகு ஊர் அதிகாலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிற ஊராகிவிட்டது. அப்பா அம்மாவைக் குழந்தைகள் பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமைதான். தாத்தாவின் தலைவிளக்கு எதற்கு என்று கேட்டால் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. சயனைடு மேடுகளில் மீதமிருக்கும் தங்கத்தை எடுக்க 2024-ல் கர்நாடக அரசு மத்திய அரசின் திட்டத்துக்குச் சம்மதம் தெரிவித்தது. மூன்று கோடி டன்னுக்கு மேலான அந்தச் சக்கை மண்ணை அகற்றுவதில் வேலைவாய்ப்பும் வரும், தூசித் தொல்லையும் ஒழியலாம். அதில் எனக்கு மாறுபட்ட கருத்து இல்லை. ஆனால் அந்த மேடுகளின் கதையைச் சொல்லக்கூடியவர்கள், மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறை வெடிப்புச் சத்தத்தைக் காதால் கேட்டு ஆபத்தை அறிந்த தொழிலாளர்கள், அநேகமாக எல்லாரும் இன்று முதியவர்கள். மேடு போகும் முன்பே அவர்கள் போய்விடுவார்கள். பை இல்லாத அந்தப் பத்து நாளில் தங்கவயல் பள்ளிகள் முதலில் அழைக்க வேண்டிய ஆசிரியர்கள் இவர்கள்தான். பாழ்பட்ட சுரங்க வாய்களுக்கு அருகே யாரும் குழந்தைகளை அழைத்துப் போக வேண்டாம். அந்தப் பெரியவர்களைப் பள்ளி வேப்பமரத்தடிக்கு வரவழைத்தால் போதும்.

நம் சங்கத்தின் உறுப்பினர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். எந்த ஊரும் பாடம் இல்லாத ஊர் அல்ல. சென்னைக்காரர்கள் பேரனை பரங்கிமலைக்கு அழைத்துப் போகலாம். அங்குள்ள சார்னோகைட் பாறைக்கு அந்தப் பெயர் வந்தது கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறையால். பல்லாவரத்துக் கல்லில் செய்த அந்தக் கல்லறையை கல்கத்தா உறுப்பினர்கள் செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் பார்க்கலாம். 1802-ல் லாம்டன் இந்தியாவை அளக்க முதல் கோடு போட்டதும் பரங்கிமலைப் பக்கம்தான். பெங்களூரில் லால்பாக் பாறை, மும்பையில் அந்தேரியின் கில்பர்ட் குன்று, திண்டிவனம் பக்கம் திருவக்கரையில் கல்லான மரங்கள், அரியலூரில் கடல் உயிர்களின் தடங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு பஸ் செலவைத் தவிர வேறு செலவில்லை.

ஒரு சின்ன யோசனையோடு முடிக்கிறேன். வரும் கோடை விடுமுறையில் ஒவ்வொரு கிளையிலும் மாதம் ஒரு ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், பத்துக் குழந்தைகளை ஒரு ஏரிக்கோ, பாறைக்கோ, பழைய கோயிலுக்கோ அழைத்துப் போகலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் அல்ல, தெருவில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வரட்டும். கூட ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரோ இன்ஜினீயரோ, உள்ளூர் விவரம் தெரிந்த ஓர் உழைப்பாளியோ இருந்தால் போதும். தொப்பி, தண்ணீர் பாட்டில், ஒரு நோட்டு, ஒரு பென்சில். செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் "என்ன பார்த்தாய்?" என்று மட்டும் கேளுங்கள். மார்க் போட வேண்டாம்.